பின் ஷாக் மாற்றம்: ஷோரூமில் விடுவதா, நாமே செய்வதா?

ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 வைத்திருப்பவர்கள் இருவர் சந்தித்தால், இன்ஜினைப் புகழ்ந்து முடித்த கையோடு பேச்சு பின் ஷாக்குக்கு, அதாவது பின்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பருக்கு, வந்துவிடும். எரிபொருள் இல்லாமலே 200 கிலோவைத் தாண்டும் அந்த வண்டியின் பின்சக்கரம் மேலும் கீழும் நகர்வதற்கு 88 மி.மீ. மட்டுமே இடம் தரப்பட்டிருக்கிறது. வேகத்தடையைக் கடக்கும்போது பின்னால் அமர்ந்திருப்பவரின் இடுப்புக்கு அது தெரிந்துவிடும். என் வண்டிக்கு ஒய்எஸ்எஸ் நிறுவனத்தின் ஷாக்குகளை வாங்கி நானே மாற்றிக்கொண்டேன். அதற்கு முன் ஷோரூமிலும் விசாரித்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரட்டை ஷாக் உள்ள வண்டியானால் நாமே மாற்றிக்கொள்வதே நல்லது. மோனோஷாக், அதாவது பின்னால் ஒற்றை ஷாக் மட்டும் உள்ள வண்டியானால் என் பதில் வேறு.

செலவைக் காரணமாகக் காட்டி நாமே செய்யலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நல்ல ஷாக்கின் விலையோடு ஒப்பிட்டால் லேபர் சிறு தொகைதான். போல்ட்டைக் குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்றைப் புதிதாக வாங்கினால் அந்த மிச்சமும் போய்விடும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது என்பதால் அதை வாங்காமலும் இருக்க முடியாது.

வேலை எளிது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாதபடி பார்த்துக்கொண்டு, ஒரு பக்கத்து ஷாக்கை முதலில் கழற்ற வேண்டும். மறுபக்கத்து ஷாக், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைப் பிடித்துக்கொண்டிருக்கும். போல்ட் துளைகள் நேர்கோட்டுக்கு வராவிட்டால், டயருக்கு அடியில் ஒரு பலகையைச் செருகிச் சற்றே உயர்த்தினால் வந்துவிடும். சுத்தியலைத் தொடத் தேவையில்லை. புதிய ஷாக்கின் இரு கண்களுக்கும் (போல்ட் நுழையும் துளைகள்) இடையிலான நீளம், கண்ணுக்குள் இருக்கும் புஷ்ஷின் அகலம், வாஷர்களின் வரிசை ஆகிய மூன்றையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்த பின், கையேட்டில் குறிப்பிட்ட முறுக்கத்தில் இறுக்கினால் போதும். வாயு டப்பா வெளியே தொங்கும் வகை ஷாக் என்றால், அந்த டப்பா பில்லியன் கால்மிதியையோ பக்கப் பெட்டியின் கம்பியையோ உரசாமல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஷோரூமின் பலம் வாரண்டியில் இருக்கிறது. வண்டி வாரண்டிக் காலத்தில் இருந்து, ஷாக்கும் நிறுவனத்தின் துணைப்பொருள் பட்டியலில் உள்ளதாக இருந்தால், ஷோரூமில் பொருத்தி ஜாப் கார்டில் பதிந்துகொள்வதே பாதுகாப்பு. பட்டியலுக்கு வெளியே உள்ள பொருளானால் அந்தப் பலம் கரைந்துவிடுகிறது. நான் விசாரித்த இடத்தில், கொண்டுவந்து கொடுத்தால் மாட்டித் தருவோம், அதற்குமேல் பொறுப்பேற்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் நிலையில் அது நியாயமான பதில்தான். ஆனால் மாட்டுவது மட்டும்தான் அங்கே கிடைக்கும் என்றால், அதை என்னாலும் செய்துகொள்ள முடியும்.

என் முடிவைத் தீர்மானித்தது மாட்டிய பிறகு செய்ய வேண்டிய வேலை. வண்டி எடைக்கு எவ்வளவு கீழே இறங்குகிறது என்ற, சேக் என்று சஸ்பென்ஷன் ஆட்கள் சொல்லும் அமுக்க அளவு சரியாக வைக்கப்படாவிட்டால், ஸ்வீடனின் ஓலின்ஸ் ஷாக்கை வாங்கிப் பூட்டினாலும் வண்டி பழைய ஷாக்கைப் போலவே முதுகில் குத்தும். அதை அளக்க ஒரு டேப்பும் உதவிக்கு ஒருவரும் போதும். பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது, அச்சிலிருந்து நேர்மேலே சீட்டின் ஓரத்தில் இட்ட ஓர் அடையாளம் வரையிலான உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, இரண்டொரு முறை அழுத்திவிட்டு, ஆள் இல்லாமல் அதே உயரத்தை அளக்க வேண்டும். கடைசியாக ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் அணிந்து, கால்களைக் கால்மிதியில் வைத்து நாம் ஏறி அமர்ந்திருக்கும்போது உதவியாளர் அளக்க வேண்டும். முதல் அளவுக்கும் மூன்றாம் அளவுக்கும் உள்ள வேறுபாடு, சக்கரத்தின் மொத்த நகர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் வர வேண்டும். 88 மி.மீ. நகர்வுள்ள இன்டர்செப்டரில் அது 26 முதல் 29 மி.மீ. வரை.

இந்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் பிரீலோடு வளையம். அதை இறுக்கினால் ஸ்பிரிங் கெட்டிப்படும் என்று பலர் நம்புகிறார்கள்; மெக்கானிக்குகளிலும் சிலர் அப்படியே சொல்கிறார்கள். உண்மையில் ஸ்பிரிங்கின் வலு மாறுவதில்லை. வண்டியின் பின்புறம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதே மாறுகிறது. ஸ்பிரிங் நம் எடைக்கு ஏற்றதுதானா என்பதை இரண்டாவது அளவு காட்டிக்கொடுக்கும். நாம் அமர்ந்தபோதான அமுக்கம் சரியாக வந்த பின்பும், ஆள் இல்லாத வண்டி தன் எடையில் சற்றும் இறங்காமல் நின்றால், ஸ்பிரிங் நமக்கு மென்மையானது. அந்த மென்மையை மறைக்கவே வளையத்தை அளவுக்குமேல் இறுக்கியிருக்கிறோம். மாறாக, ஆள் இல்லாமலே வண்டி அதிகமாக இறங்கினால் ஸ்பிரிங் நமக்குக் கெட்டியானது. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும் இந்த விதி, ஸ்பிரிங்கை மாற்ற வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு எந்த விளம்பரத்தையும்விட நேராகப் பதில் சொல்கிறது.

இப்போது ஷோரூமை நினைத்துப் பாருங்கள். வண்டியை விட்டுவிட்டு மாலையில் வந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டில், மூன்றாவது அளவை எடுக்க நாம் அங்கே இருப்பதில்லை. மெக்கானிக்கின் எடைக்கோ, பெட்டியில் வந்த அமைப்புக்கோ ஷாக் பூட்டப்படுகிறது. இரண்டு ஷாக்குகளிலும் வளையம் ஒரே உயரத்தில் இருக்கிறதா, அமுங்கிய ஷாக் திரும்ப விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டு திருகு முழுவதும் மூடிய நிலையிலிருந்து இருபுறமும் ஒரே எண்ணிக்கையில் திறக்கப்பட்டிருக்கிறதா என்பவையும் நம் கண்ணுக்கு வருவதில்லை. நாமே பூட்டினால் இவை அனைத்தும் ஒரு தாளில் எழுதப்பட்டுக் கையில் இருக்கும். மனைவியையோ நண்பரையோ ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் புறப்படும்போது வளையத்தை எத்தனை சுற்று ஏற்ற வேண்டும், திரும்பி வந்ததும் எங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பது அந்தத் தாளில் தெரியும். இதற்காக ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டருக்குப் போகிறவரை நான் பார்த்ததில்லை. போகாமல் அப்படியே ஓட்டுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

பராமரிப்பில் நாமே செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. ஷாக்குக்குள் இருக்கும் எண்ணெய் நாளடைவில் தன் தன்மையை இழக்கிறது, சீல் தேய்கிறது, எண்ணெய் நுரைக்காமல் இருக்க அடைக்கப்பட்ட நைட்ரஜனின் அழுத்தமும் குறைகிறது. இதைச் சரிசெய்யச் சிலிண்டரும் அழுத்தமானியும் தகுந்த கருவிகளும் வேண்டும். அழுத்தத்தில் உள்ள ஷாக்கை வீட்டில் பிரிப்பது ஆபத்து. ஆகவே வாங்கும்போதே, பிரித்துச் சீல் மாற்றக்கூடிய வகையா, அதைச் செய்துதரும் சஸ்பென்ஷன் பட்டறை எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நாமே மாற்றத் தெரிந்தவருக்கு இங்கும் ஒரு வசதி: ஷாக்குகளை மட்டும் கழற்றிப் பார்சலில் அனுப்பிவிட்டு, பெட்டியில் வைத்திருக்கும் பழையவற்றைப் பூட்டி வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கலாம். வண்டியை விற்கும்போதும் அதே பழைய ஜோடி திரும்ப ஏறிக்கொள்ளும். புதியவற்றைத் தனியாக விற்றுக்கொள்ளலாம்.

இனி மோனோஷாக். பழைய ஹிமாலயன் 411 போன்ற வண்டியில் பின்சக்கரத்துக்கு 180 மி.மீ. நகர்வு உண்டு, ஒற்றை ஷாக் லிங்கேஜ் என்ற இணைப்பு நெம்புகோல்களின் வழியாக ஸ்விங் ஆர்மோடு இணைகிறது. அதைக் கழற்ற, வண்டியின் எடை பின்சக்கரத்தில் விழாதபடி சேஸிஸைத் தாங்கிப்பிடிக்க வேண்டும். லிங்கேஜ் பேரிங்குகளுக்கு அந்தச் சமயத்திலேயே கிரீஸும் வைக்க வேண்டும். இதை நான் தனியாகச் செய்ததில்லை, பட்டறையில் உடனிருந்து பார்த்ததோடு சரி; அதனால் இங்கே என் சொல்லுக்கு அவ்வளவு எடை தர வேண்டாம். என்னிடம் அந்த வண்டி இருந்தால் சஸ்பென்ஷன் வேலை தெரிந்த பட்டறையிலோ ஷோரூமிலோதான் விடுவேன். ஆனால் வண்டியை எடுக்கப் போகும்போது ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் அணிந்து போய், என்னை ஏற்றி அமரவைத்து அளக்கச் சொல்வேன்; மூன்று உயரங்களையும், ரீபவுண்டு திருகின் எண்ணிக்கையையும் ஜாப் கார்டில் எழுதித் தரும்படி கேட்பேன்.