வெட்டுவதா, மாற்றுவதா, காயிலோவர் போடுவதா: தாழ்த்தும் வண்டிக்கு ஒரு குமரிக் கணக்கு

வண்டியைத் தாழ்த்துவது என்று மனசில் விழுந்துவிட்டால் நம் பக்கத்தில் மூன்று வழிகள் முன்னால் வந்து நிற்கும். வண்டியோடு வந்த கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றி ஒன்றரைச் சுற்று வெட்டிப் போடுவது ஒன்று. ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற கம்பெனிகள் தாழ்த்துவதற்கென்றே செய்யும் ஸ்பிரிங்கை வாங்கி மாட்டுவது இன்னொன்று. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, உயரத்தைத் திருகி ஏற்றி இறக்கும் காயிலோவர் செட் போடுவது மூன்றாவது. என் ஓட்டு எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 25 முதல் 30 மி.மீ. மட்டும் இறக்கும் ஸ்பிரிங், கூடவே புது ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்), அப்புறம் ஒழுங்கான அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது. இதில் கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் கடைசியாக நினைக்கிறார்கள், பாதிப் பேர் நினைப்பதே இல்லை.

முதலில் உயரம். இங்கே விற்ற போலோவின் தரை இடைவெளி சுமார் 165 மி.மீ., ஸ்விஃப்டுக்கு 163. வேகத்தடைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கும் அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் போட்டிருந்தால் சின்னக் காரின் நாலு சக்கரமும் அதன் மேலேயே நிற்கும், தாழ்ந்த வண்டிகூட நோகாமல் ஏறி இறங்கும். நம் உள்ரோடுகளில் இருப்பதோ கிட்டத்தட்ட அதே உயரம், அகலம் மட்டும் ஒரு முழம். முன்சக்கரம் இறங்கியதும் வண்டியின் வயிறு அதன் மேல் வந்து நிற்கும். போலோவை 40 மி.மீ. இறக்கினால் மிச்சம் 125. நாலு பேர் ஏறி, டிக்கியில் கல்யாண வீட்டுச் சாமான் வைத்தால் இன்னொரு 25 போகும். இருப்பது 100, தடையும் 100. இதையே 30 மி.மீ.யோடு நிறுத்தினால் ஒரு செ.மீ. தப்பிக்கிறது. பெரிய மிச்சம் இல்லைதான். ஆனால் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் தகடு உரசுவதும் உரசாமல் போவதும் அந்த ஒரு செ.மீ.யில்தான்.

சரி, வெட்டுவதைப் பார்ப்போம். “மக்கா, ஒன்றரைச் சுத்து எடுத்தா போதும், நச்சுன்னு உக்காரும்” என்பார்கள். உட்காரும், பொய்யில்லை. செலவும் மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. வெட்டினால் ஸ்பிரிங் தளர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். வேலை செய்கிற சுற்று ஆறில் ஒன்றரையை எடுத்தால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெட்டிய முனை தட்டையாக இல்லாததால் கீழே ஸ்பிரிங் உட்காரும் தட்டில், அதாவது அதன் இருக்கையில், சரியாகப் பொருந்தாது. நீளமும் குறைந்துவிட்டது. வண்டி பள்ளத்தில் விழுந்து சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு விலகி, திரும்ப உட்காரும்போது “டங்” என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுழன்று வேறு இடத்தில் உட்காரும். கேஸ் கட்டரால் வெட்டியிருந்தால் அந்தச் சூட்டில் முனைப் பக்கத்து எஃகின் பதமும் போயிருக்கும்.

இதோடு நம் கடற்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளச்சல், முட்டம் பக்கத்து வண்டி ஒன்றைத் தூக்கி, வெட்டிய ஸ்பிரிங்கின் முனையை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டிய இடத்தில் பூச்சு கிடையாது. உப்புக்காற்று முதலில் அங்கேதான் ஏறும். துரு செதில் செதிலாக விரலோடு வரும், அதற்கடியில் குழி குழியாக இருக்கும். ஸ்பிரிங் உடைவது இப்படிப்பட்ட குழியிலிருந்துதான் தொடங்கும். முகப்பில் வைத்துப் பார்க்கிற வண்டிக்கு வேண்டுமானால் வெட்டலாம். ஓடுகிற வண்டிக்கு வேண்டாம்.

தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங் இந்த இரண்டு குறையும் இல்லாமல் வருகிறது. முனை இருக்கைக்கு ஏற்ற வடிவில் இருக்கும், பூச்சு முழுதாக இருக்கும். பலவற்றில் ஒரு பக்கத்துச் சுற்றுகள் நெருக்கமாகவும் மறுபக்கத்தில் விலகியும் இருக்கும். சின்னக் குலுக்கலுக்கு மெதுவாகவும், பாரம் ஏறினால் விறைப்பாகவும் நிற்கத்தான் இந்த அமைப்பு. விறைப்பு ஏன் வேண்டும் என்றால், ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும் ஸ்ட்ரட் வகை முன்பக்கத்தில் வண்டியைத் தாழ்த்தும்போது, சக்கரத்தைக் கீழே வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்கிறது. வண்டியின் எடைமையம் இறங்குவதைவிட அது சாய்ந்து ஆடும் மையம் அதிகமாக இறங்கிவிடுகிறது. வெறுமனே உயரத்தை மட்டும் குறைத்தால் வளைவில் வண்டி இன்னும் அதிகமாகச் சாயப் பார்க்கும். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் ரோட்டில், ரப்பர் தோட்டத்துக்குள் அடுத்தடுத்து வரும் திருப்பங்களில் இதை உடம்பே சொல்லும். அதைப் பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங்கின் கூடுதல் விறைப்புதான்.

பழைய ஷாக்கை அப்படியே விடலாமா? 20 மி.மீ. இறக்கினால், ஷாக்கும் நல்ல நிலையில் இருந்தால், விடலாம். அதற்கு மேல் என்றால் யோசிக்க வேண்டும். விறைத்த ஸ்பிரிங் திருப்பித் தள்ளும் வேகத்தைப் பழைய ஷாக் அடக்காது. ஒரு பள்ளத்துக்கு இரண்டு தடவை ஆடும். மேலே போகிற பயணமும் குறைந்திருப்பதால் பயணத்தின் முடிவில் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் அடிக்கடி இடிக்கும். 50,000 கி.மீ. ஓடிய ஷாக்கில் புது ஸ்பிரிங் போட்டுவிட்டு, ஸ்பிரிங் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் நிறைய. எப்படியும் ஸ்ட்ரட்டைக் கழற்றத்தான் போகிறோம். கூலி ஒரு தடவைதான்.

காயிலோவர் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். விலை ஸ்பிரிங் செட்டைப் போலப் பல மடங்கு. நல்ல செட்டில் உயரத்தைத் தனியாகவும் ஷாக்கின் இறுக்கத்தைத் தனியாகவும் வைத்துக்கொள்ளலாம். ரேஸ் ட்ராக்குக்குப் போகிறவருக்கு அதற்கு மேல் ஒன்றுமில்லை. நம் ஊரில் நடப்பதோ வேறு. மழைக்காலம் இங்கே வருசத்துக்கு இரண்டு. சேறும் உப்பும் திருகு மறையில் ஏறி, இரண்டு வருசத்தில் உயரத்தை மாற்றும் வளையம் இறுகிவிடும். அப்புறம் உயரத்தை மாற்றவே முடியாத, விலை கூடிய ஒரு சாதாரண ஸ்பிரிங்காக அது நிற்கும். கழுவி, துடைத்து, மறையில் கிரீஸ் வைத்துப் பராமரிக்கிற பொறுமை உள்ளவருக்கு இந்தக் குறை இல்லை. அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: உயரத்தை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அலைன்மெண்ட் திரும்பப் பார்க்க வேண்டும். கார் கூட்டத்துக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமை இறக்கி, திங்கட்கிழமை ஏற்றுகிறவர் அதைச் செய்வதில்லை.

எந்த வழியில் போனாலும் பட்டறையில் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் போல்ட்டை முறுக்கிவிடுவார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் அந்தத் தொங்கும் நிலையில் பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் பிழிந்த துணிபோல முறுக்கிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாள் வண்டி உயரமாகவே தெரியும், “ஸ்பிரிங் இன்னும் உக்காரல” என்பார்கள். சில மாதத்தில் புஷ் கிழியும். சரியான முறை, போல்ட்டைத் தளர்வாக விட்டு, சக்கரத்தில் எடை ஏறிய பிறகு கடைசி முறுக்கு கொடுப்பது. இதைக் கேட்டுச் செய்யச் சொன்னால் பெரும்பாலும் செய்துவிடுவார்கள். கேட்காவிட்டால் கிடையாது.

இனி அலைன்மெண்ட். இங்கேயும் போட்டி உண்டு: நூல் பிடிப்பதா, கேமரா வைத்த 3டி மெஷினா?

நூல் பிடிக்கிற பழைய மெக்கானிக்கைக் குறைத்துப் பேச மாட்டேன். முன்பின் சக்கரங்களை ஒட்டி இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவை) மில்லிமீட்டரில் வைத்துவிடுவார். 15 அங்குல ரிம்மில் 0.1 டிகிரி என்பது சுமார் 0.7 மி.மீ. அந்த நுணுக்கம் அவர் கைக்கு வரும். வராதது கேம்பரும் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் அளவு) கேஸ்டரும் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு). தாழ்த்திய வண்டியில் மாறுவது டோ மட்டும் இல்லையே. 30 மி.மீ. இறக்கினால் முன்சக்கரத்தின் மேல்பக்கம் அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை உள்ளே சாய்வது சகஜம். இடம் வலம் இரண்டும் ஒரே அளவு சாய்ந்ததா என்பதுதான் கேள்வி. அதற்கு மெஷின் வேண்டும்.

ஆனால் மெஷின் இருந்தால் போதாது. திரையில் எல்லாம் பச்சையாக வந்ததும் “அண்ணாச்சி, பச்சை வந்தாச்சு, எடுத்துக்கிடுங்க” என்பார்கள். பச்சை என்பது ஓர் அகலமான எல்லை. இடது சக்கரம் அதன் ஒரு ஓரத்திலும் வலது சக்கரம் மறு ஓரத்திலும் இருந்தாலும் பச்சைதான், வண்டி மட்டும் ஒரு பக்கம் இழுக்கும். கலரை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். இடம் வலம் கேம்பர் வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்கட்டும், டோ இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். வேலையின் வரிசையும் முக்கியம். பின்சக்கரம் முதலில், அப்புறம் முன் கேம்பர், கடைசியில்தான் டோ, ஏனென்றால் கேம்பரை அசைத்தால் டோவும் அசையும். நம் சின்னக் கார்கள் பலவற்றில் கம்பெனி கொடுத்திருப்பது முன்பக்க டோ சரிசெய்தல் மட்டுமே. கேம்பருக்கு ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் போட வேண்டும். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம்) என்றால் ஷிம் என்னும் மெல்லிய தகடு வைத்தால்தான் மாறும். இவை கையில் இல்லாத கடையில் மெஷின் அளந்து காட்டும், அவ்வளவுதான்.

டயரைத் தின்பது கேம்பர் என்று எல்லோரும் அதையே பழி சொல்கிறார்கள். ஒரு டிகிரி கேம்பர் பெரிய திருடன் இல்லை. டோதான் திருடன். ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பி நின்றால், 1 கி.மீ. ஓடும்போது சுமார் 4.4 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கி.மீ., போய்ச் சேரும்போது அந்த டயர் 280 மீட்டருக்கு மேல் குறுக்கே உரசியிருக்கும். டயரின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே ஒரு தடவை, வெளியிருந்து உள்ளே ஒரு தடவை தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் ரம்பம் போலக் கீறினால் டோ போச்சு. இதற்கு மெஷினே வேண்டாம். முன் டோ வெளியே திரும்பியிருந்தால் வேறொரு இடத்திலும் தெரியும். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றில், முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் போகும்போது வண்டி நேர்கோட்டில் நிற்காது. ஸ்டியரிங்கைச் சும்மா சும்மா திருத்திக்கொண்டே இருக்க வேண்டி வரும்.

ஸ்பிரிங் மாட்டிய அன்றே ஒருமுறை டோவை மட்டும் ஓட்டத் தகுந்த அளவுக்கு வையுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங்கும் புஷ்ஷும் உட்கார்ந்த பிறகு முழு அலைன்மெண்ட். போகுமுன் நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும், டிக்கியில் மூட்டை வேண்டாம். ஓட்டிப் பார்க்கும்போது இன்னொரு விஷயம்: நம் ரோடு நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் இருப்பதால் லேசாக இடது பக்கம் ஒதுங்குவது எந்த வண்டிக்கும் இயல்பு. அதை அலைன்மெண்ட் குறை என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஹெட்லைட்டையும் ஒருமுறை சுவரில் அடித்துப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே அளவில் இறங்காவிட்டால் வெளிச்சம் ஒன்று தரையில் விழும், இல்லை எதிரே வருபவர் கண்ணில் விழும்.

சட்டம் மூன்றில் எதையும் அரவணைக்கவில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த வழக்கு கேரளத்திலிருந்து போனது. களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக்கு அடிக்கடி போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அந்தப் பக்கத்து மோட்டார் வாகனத் துறை மாற்றம் செய்த வண்டிகளை விடாமல் பிடிக்கும். 25 மி.மீ. இறக்கம் கண்ணில் படாமல் போகலாம், ஆனால் விபத்து என்று வந்து காப்பீட்டுக்காரர் வண்டியைப் பார்க்கும்போது அது கண்ணில் படும்.

ஆகவே குடும்பத்துக்கு ஒரே கார், வாரம் ஒருமுறையாவது ஐந்து பேர் ஏறுவார்கள், வீடு ரோட்டிலிருந்து செங்குத்தாக ஏறும் சரிவுக்கு மேலே இருக்கிறது என்றால் ஸ்பிரிங்கில் கை வைக்க வேண்டாம். கம்பெனி உயரத்திலேயே நல்ல ஷாக், நல்ல டயர் போட்டு, எண் பார்த்து அலைன்மெண்ட் வையுங்கள். பெரும்பாலும் ஒருவர் இருவர் மட்டும் போகிற இரண்டாவது வண்டி என்றால் 30 மி.மீ. ஸ்பிரிங் தாராளமாகப் போடலாம். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்கை மட்டும் இரும்புக்கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி மூட்டை கட்டிப் பரணில் வையுங்கள், வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.