ஆறு தகரப் பெட்டி, நாலு விலை

போன டிசம்பரில் மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அதில் பாதி நாள் அப்பாவின் பழைய பாட்டு ரெக்கார்டுகளுக்கு விலை கேட்டு அலைவதிலேயே தீர்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து இதே மாதிரி பரணைக் கிளறப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

அப்பா திருமயம் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். 1969இல் ஆரம்பித்தது. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா எதுவானாலும் தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, கீழே ஒரு ஸ்டூலில் ஆம்ப்ளிஃபையரும் ரெக்கார்டு பெட்டியுமாக உட்கார்ந்திருப்பார். அவர் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. வீடும் நிலமும் பேசி முடித்தாயிற்று. பரணில் இருந்த ஆறு தகரப் பெட்டிகள்தான் மிச்சம். அக்கா சொன்னதிலும் நியாயம் இருந்தது: "என்ன பெறும்னே தெரியாம எப்படிடா மூணா பிரிக்கிறது?"

இறக்கி எண்ணினோம். 614. அதில் 78 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும்) அரக்குத் தட்டுகள் 131. அப்பாவுக்கு முன்னால் தொழில் பார்த்த ஒரு பெரியவரிடமிருந்து மொத்தமாக வாங்கியவை. சின்ன ஈ.பி. தட்டுகள் 372, பெரிய எல்.பி. தட்டுகள் 111. படுக்கைவாட்டில் அடுக்கியிருந்ததால் அடியில் கிடந்தவை அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. ஒரு பெட்டியின் உறைகளைக் கரையான் தின்றிருந்தது. அப்பாவின் கணக்கு நோட்டு மட்டும் முழுசாகக் கிடைத்தது. எந்தத் தேதியில் எந்தத் தட்டு, என்ன விலை என்று வரிசையாக எழுதியிருந்தார்.

முதல் விலை வாசலிலேயே வந்தது. பழைய பேப்பர்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். 78ஐத் தட்டிப் பார்த்து, "இது கல்லு மாதிரி இருக்கு, உருகாது, வேணாம்" என்று தள்ளிவிட்டார்.

அடுத்தது ஒரு தப்பு. பக்கத்து ஊரில் பழைய ரேடியோ, டேப் ரிப்பேர் பார்க்கும் ஒருவர், "தட்டைச் சுத்தம் பண்ணித் தர்றேன், பளபளன்னு இருந்தாத்தான் விலை" என்று சொல்ல, பத்துத் தட்டுகளைக் கொடுத்தேன். மறுநாள் ஆறு நன்றாக வந்தன. மீதி நான்கும் 78. மேலே வெள்ளை பூத்து மங்கிப் போயிருந்தன. ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்கிறார். தச்சு ஆசாரியிடம் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பார்: அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே மர பாலிஷ் செய்கிறார்கள்? 78 தட்டில் கலந்திருப்பதும் அதே அரக்குதான். ஈ.பி., எல்.பி. எல்லாம் வினைல் என்கிற பிளாஸ்டிக், அதனால் தப்பின. 300 ரூபாய் கூலி கொடுத்து நான்கு தட்டுகளைக் கெடுத்துக்கொண்டேன். உங்களுக்கு ஒரு வார்த்தை: டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான துணி, லேபிளில் ஈரம் படக்கூடாது. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். தெரியாத கையில் கொடுக்கவும் வேண்டாம்.

மூன்றாம் நாள் காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண், கதவு, பீங்கான் வாளி, ரவிவர்மா படம் எல்லாம் தெரு முழுக்க அடுக்கியிருக்கும். பித்தளைப் புனல் வைத்த கிராமபோன்களும் நிற்கும். (அந்த மாதிரிப் புனல் கிராமபோன்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. பழசு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.) நான் பேசிய வியாபாரி மரியாதையானவர், டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஒரு தட்டைக்கூட உறையிலிருந்து உருவிப் பார்க்கவில்லை. ஆறு பெட்டிக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம். எதற்கு என்று கேட்டேன். ஹோட்டல் சுவரில் மாட்ட, கல்யாண மண்டபத்தில் போட்டோ எடுக்க என்றார். அதுவும் ஒரு விலைதான். பாட்டுக்கான விலை இல்லை, அவ்வளவுதான்.

இதற்குள் அக்கா மகன் செல்போனில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். இணையத்தில் இதே தட்டுகளை ஆட்கள் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தேடிக் கூட்டியதில் நாலு லட்சத்து எண்பதாயிரம்! வீட்டில் ஒரு மணி நேரம் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. அண்ணன் பெட்டிக்குப் பூட்டு வாங்கிவிட்டார். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவார்கள். ஒருவர் கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. ரெக்கார்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் கடைசியாக எப்போது விற்றது, குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று தனியாகக் காட்டும். அதைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் பட்டியலில் முக்கால்வாசிக்கு விற்ற வரலாறே இல்லை. ஆறு மாதமாக ஐயாயிரம் என்று போட்டு யாரும் வாங்காமல் கிடக்கும் தட்டின் விலை ஐயாயிரம் அல்ல.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் மூலமாகச் சென்னையில் ஒரு பழைய ரெக்கார்டு வியாபாரி கிடைத்தார். போனிலேயே தெளிவாகப் பேசினார். எல்லாத் தட்டின் லேபிளையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அதிலிருந்து 58 எண்களைக் குறித்துக் கொடுத்து, "இதை மட்டும் நேர்ல கொண்டு வாங்க சார், மத்ததைச் சுமக்காதீங்க" என்றார். பார்த்து மதிப்புச் சொல்ல இரண்டாயிரம், அவரிடமே விற்றால் அது கழிந்துவிடும். நான் பார்த்தவர்களில் கட்டணத்தை முதலிலேயே சொன்னவர் இவர் ஒருவர்தான்.

விடிகாலையில் புதுக்கோட்டையில் பல்லவன் ஏறி, மதியம் எழும்பூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் சென்ட்ரல் பக்கம் போனேன். அப்பா தட்டு வாங்கப் போன மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்துபோனது. இன்று அந்தப் பெயர் புறநகர் ரயில் நிலையத்தின் பலகையில் இருக்கிறது, வியாபாரிகள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போய்விட்டார்கள். நோட்டில் 'மூர் மார்க்கெட், 3 பழசு, 10 ரூ.' என்று பல வரிகள் உண்டு.

வியாபாரி ஒவ்வொரு தட்டையும் டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பார்த்தார். கீறல் தெரிந்தால் நகத்தை மெதுவாக ஓட்டினார். நகம் தடுக்கினால் பாட்டிலும் 'டிக்' என்று கேட்கும் என்றார். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கோடு கோடாக இருந்தால் தட்டு நிறைய ஓடியிருக்கிறது என்று அர்த்தம். பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் மொட்டை இடத்தில் பொறித்திருக்கும் எண்ணை பூதக்கண்ணாடியில் படித்து, முதல் பதிப்பா, பிறகு அச்சடித்ததா என்று பிரித்தார். எச்.எம்.வி. தட்டுகளில் எண்ணுக்கு முன்னால் இ.சி.எல்.பி. என்றிருந்தால் மோனோ, இ.சி.எஸ்.டி. என்றால் ஸ்டீரியோ என்று எனக்குப் பாடமும் எடுத்தார். மூன்று மணி நேரம். 58 தட்டுக்கு மூன்று மணி நேரம் செலவழிப்பவரிடம் இரண்டாயிரம் கொடுக்க எனக்கு வருத்தமே இல்லை.

நான் பொக்கிஷம் என்று நினைத்தது எதுவும் தேறவில்லை. எம்.எஸ். பாடிய வெங்கடேச சுப்ரபாதம் எங்களிடம் மூன்று இருந்தன. 1963இல் வந்தது. "இது இல்லாத வீடு ஏது சார்? நல்லா இருந்தாலும் பெருசா வராது" என்றார். அவ்வளவு அச்சடித்து அவ்வளவு விற்ற தட்டுக்கு எங்கிருந்து விலை வரும்? கதைவசன எல்.பி.க்களுக்கு ஆள் இருக்கிறார்கள், ஆனால் எங்களுடையவை திருவிழா திருவிழாவாக ஓடி உழவு வயல் மாதிரி ஆகிவிட்டன. மைக் செட்காரர் தட்டு என்றாலே வாங்குகிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது. கனமான ஊசி, தூசி, வெயில், அவசரத்தில் உறையில்லாமல் அடுக்குவது. 78க்கு ஒவ்வொரு முறையும் எஃகு ஊசியை மாற்ற வேண்டும். சிக்கனத்துக்காக ஒரே ஊசியில் நாள் முழுக்க ஓட்டியிருப்பார்கள். போதாததற்கு ஒவ்வொரு லேபிளிலும் அப்பா தன் சவுண்ட் சர்வீஸ் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி வைத்திருக்கிறார், திருடு போகாமல் இருக்க. வெளிநாட்டு ஆள் அதைப் பார்த்தாலே தரத்தில் ஒரு படி இறக்கிவிடுவான் என்றார் வியாபாரி. ஸ்டாம்ப் குத்திவிட்டு ஊதிக் காயவைக்கிற வேலை சின்ன வயதில் என்னுடையது.

விலை போனது எது தெரியுமா? கடைசிப் பெட்டியில் இருந்த, 1983க்கும் 87க்கும் நடுவில் வாங்கிய பதினேழு தட்டுகள். பெரும்பாலும் எக்கோ கம்பெனி வெளியிட்ட இளையராஜா படப் பாட்டுகள். அந்த நாளில் கல்யாண வீட்டுக்காரர்களே கேசட்டைக் கொண்டுவந்து "அண்ணே, இதைப் போடுங்க" என்று நீட்ட ஆரம்பித்துவிட்டார்கள். தட்டு வாங்குவோர் குறைய, கம்பெனிகள் அச்சடிப்பதும் குறைந்தது. அப்பா பழக்கதோஷத்தில் வாங்கினார், ஆனால் போடச் சந்தர்ப்பம் வரவில்லை. அதனால் அரிது, அதனால் புதுசு. அந்தக் கால டிரம்ஸுக்கும் சிந்தசைசருக்கும் வெளிநாட்டு டி.ஜே.க்களும் தேடி வருகிறார்களாம். நோட்டில் 1987க்குப் பிறகு தட்டுக் கணக்கே இல்லை. 'டேப் டெக் ரிப்பேர்' என்று ஆரம்பிக்கிறது.

நான் குடியிருப்பது நெதர்லாந்தில் ஐந்தோவன் நகரத்தில். கேசட்டை 1963இல் உலகத்துக்குக் கொண்டுவந்த பிலிப்ஸின் ஊர். தினமும் அதன் பழைய கட்டடங்களைத் தாண்டித்தான் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வியாபாரியிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்னொன்றும் கேட்டார், எல்லோரிடமும் கேட்பாராம்: "பீட்டில்ஸ் 78 ஏதாவது இருக்கா சார்?" மேல்நாட்டில் 78ஐ நிறுத்திய பிறகும் கரண்ட் இல்லாத ஊர்களின் சாவி கொடுக்கும் கிராமபோன்களுக்காக கல்கத்தா டம்டம் ஆலையில் அறுபதுகளிலும் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் பீட்டில்ஸ் பாட்டுகள் இந்தியாவில் 78ஆக வந்தன. இன்று உலகம் முழுக்க அதற்குத்தான் போட்டி. எங்கள் பெட்டியில் இருந்ததெல்லாம் கே.பி. சுந்தராம்பாளும் கிட்டப்பாவும்.

பழைய 78களை நான் எடுத்துப் போகலாமா என்றும் விசாரித்தேன். 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு வருடத்தைத் தாண்டிய பொருளை நாம் வெளியே கொண்டுபோக முடியாது. சந்தேகம் என்றால் மத்தியத் தொல்லியல் துறையிடம் 'பழம்பொருள் அல்ல' என்று சான்று வாங்க வேண்டும். தட்டில் வருடம் போட்டிருக்க மாட்டார்கள் என்பதால் பழைய 78 வைத்திருப்பவர்கள் கடைசி நாள் வரை தள்ளிப்போடாதீர்கள். நான் எதையும் எடுத்துப் போகவில்லை, பிரச்சினை முடிந்தது.

58இல் 31ஐ அவர் எடுத்துக்கொண்டார். மொத்தம் 41,500 ரூபாய். அதில் பதினேழு தட்டுகளுக்கு மட்டும் 29,000. நானே ஒவ்வொன்றாக விற்றிருந்தால் இன்னும் கிடைத்திருக்கலாம், ஆனால் அதற்கு மூன்று வாரம் போதாது. பணம் அங்கேயே அம்மா கணக்குக்கு ஏறியது, கையெழுத்திட்ட பட்டியலும் கொடுத்தார். அப்பா குரலில் அறிவிப்பு பதிந்த கேசட் ஒன்றும் இருந்தது. அதை டிஜிட்டலாக மாற்றக் கொடுத்த கடை நான்கு நாள் என்று சொல்லிப் பன்னிரண்டு நாள் இழுத்தது. ஆனால் வேலை சுத்தம்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் பட்டியலைக் கொடுத்தேன். பூட்டுச் சாவியை அண்ணன் சிரித்துக்கொண்டே திருப்பித் தந்தார். மீதி 583ஐக் காரைக்குடிக்காரருக்கே கொடுத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. அம்மா அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து, எல்லா விசேஷத்துக்கும் முதலில் போடுகிற நாதஸ்வரத் தட்டைத் தேடி எடுத்தார். நடுவில் வெளிறி, லேபிளில் எழுத்தே தெரியாத தட்டு. "சுவத்துல மாட்டுறதுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் நானும் அண்ணனும் அட்டைகளை வெட்டித் தடுப்பு வைத்து, அத்தனை தட்டையும் பெட்டிக்குள் நிற்கவைத்து அடுக்கி, மறுபடி பரணில் ஏற்றினோம். ஆறு பெட்டி போதவில்லை. ஏழாவதுக்குத் திருமயம் கடைத்தெருவில் 850 ரூபாய்.