குளத்துச் சேற்றுக்கு வயது பார்க்க ஈயம் 210-ஆ, சீசியம் 137-ஆ?

நெல்லை டவுன் நயினார்குளத்துச் சேற்றில் ஈயமும் துத்தநாகமும் எந்தக் காலத்திலிருந்து ஏற ஆரம்பித்தன என்று பார்க்கக் குழாய் இறக்கி மண் எடுத்தோம். அடுக்கு அடுக்காக வெட்டி உலோகத்தை அளப்பது பெரிய வேலையில்லை, அந்த அடுக்கு எந்த வருஷத்தது என்று சொல்வதுதான் பாடு. வழி இரண்டு: தானாகச் சிதைந்து குறைந்துகொண்டே போகும் கதிரியக்கப் பொருள்களான சீசியம் 137-ஐ அளப்பது, அல்லது ஈயம் 210-ஐ அளப்பது. நான் ஈயம் 210 பக்கம்.

சீசியம் 137 புரிவதற்கு எளிது. அணுகுண்டுச் சோதனைகளால் வானிலிருந்து விழுந்தது, உச்சம் 1963 வாக்கில். சேற்றில் உச்சம் தெரியும் அடுக்கே அந்த வருஷம். ஆனால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் பக்கம் விழுந்தது குறைவு, அதுவும் 30 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும்.

ஈயம் 210 காற்றில் உள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயுவிலிருந்து பிறந்து மழையோடும் தூசியோடும் வருஷா வருஷம் வந்து படிகிறது. 22 வருஷத்தில் பாதியாகும், அதனால் கீழே போகப் போகச் சீராகக் குறைய வேண்டும், 100 வருஷத்துக்குச் சற்று மேலும் போகலாம். (பெட்ரோல், பெயின்ட் வழியாக வந்த ஈயத்தோடு இதைக் குழப்ப வேண்டாம், இது அளவில் துளியிலும் துளி.)

எனக்கு முடிவைத் தந்தது கரம்பை, அதாவது குளத்து வண்டல். நம் குளங்களில் கோடையில் வண்டி வண்டியாகக் கரம்பை அள்ளி வயலுக்குக் கொண்டுபோவது காலகாலமாக நடக்கிறது, குடிமராமத்தில் இயந்திரம் வைத்தும் தூர் வாரினார்கள். அள்ளிய இடத்தில் பல வருஷ அடுக்கு ஒரேயடியாகக் காணாமல் போகும். சீசியத்தை மட்டும் நம்பினால் அது தெரியவே தெரியாது, உச்சம் மேலே ஏறி நிற்கும், நாமும் சேறு மெதுவாகப் படிந்ததாக எண்ணி எல்லா வருஷத்தையும் தப்பாகப் போடுவோம். ஈயம் 210-இல் அப்படி ஒளியாது: அள்ளியபின் புதுச்சேறு படிந்த இடத்தில் அளவு படிக்கட்டு மாதிரி சட்டென்று இறங்கும், படியாமலே இருந்தால் மேல்மண்ணிலேயே குறைவாக இருக்கும்.

செலவும் காத்திருப்பும் உண்டு. காமாக் கதிரை அளக்கும் கருவியில் வைக்குமுன் மண்ணை மூடி மூன்று வாரம் வைக்க வேண்டும், மண்ணிலேயே உள்ள ரேடியத்திலிருந்து பிறக்கும் ஈயம் 210-இன் பங்கைக் கணக்கிட்டுக் கழிப்பதற்காக. ஆனால் அதே அளவையில் சீசியமும் கிடைத்துவிடும், அதைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம். முழுசாக வற்றி மாடு மிதித்துக் கலங்கும் மானாவாரிக் குளங்களில் நான் முயன்றதில்லை, அங்கே இரண்டுமே காலை வாரலாம்.

குழாய் இறக்குமுன் அந்தக் குளத்துப் பாசன விவசாயிகளிடம் எங்கே, எப்போது மண் அள்ளினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.