டின்னுக்கு ஒன்று, ஜாடி மூடிக்கு வேறொன்று

அம்மாவுக்கு இரண்டு கட்டைவிரல் மூட்டுகளும் தேய்ந்த பிறகுதான் ஓப்பனர்களை நான் ஒழுங்காகக் கவனிக்க ஆரம்பித்தேன். டின், ஜாடி, சோடா மூடி எல்லாவற்றையும் திறக்கும் என்று எழுதியிருந்த ஒரே கருவியைத்தான் முதலில் வாங்கிக் கொடுத்தேன். டின்னில் பாதிச் சுற்று போனதும் வழுக்கியது. ஜாடி மூடியையோ அசைக்கக்கூட முடியவில்லை. இரண்டு வேலைக்கும் இரண்டு கருவி வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. டின்னில் தகரத்தை வெட்ட வேண்டும். புது ஜாடியில் உள்ளே இருக்கிற வெற்றிடத்தை விடுவிக்க வேண்டும்.

முதலில் டின். பீட்டர் டுராண்ட் இங்கிலாந்தில் டின்னுக்குக் காப்புரிமை வாங்கியது 1810-ல். அதைத் திறக்க எஸ்ரா வார்னர் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1858-ல். இடைப்பட்ட காலத்தில் பலருக்கும் உளியும் சுத்தியலும்தான் ஓப்பனர். 1870-ல் வில்லியம் லைமன் கொண்டுவந்த சுழலும் வெட்டுச் சக்கரம்தான் இன்றைய ஓப்பனர்களுக்கு முன்னோடி.

இப்போது வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டு கைப்பிடியும் பக்கவாட்டில் ஒரு திருகும் உள்ள வகை. சக்கரம் மூடியின் மேற்புறத்தில், விளிம்புக்கு உள்பக்கமாக வெட்டும். எளிமையான கருவி, நன்றாக உழைக்கும். வெட்டிய மூடியை உள்ளே அழுத்திப் பிடித்து நீரை வடிக்கலாம் என்பது ஒரு வசதி. ஆனால் வெட்டின இடம் கத்தி மாதிரி இருக்கும். உள்ளே விழுந்த மூடியை நகத்தால் நெம்பி எடுக்கப் போய் விரல் நுனியைக் கிழித்துக்கொண்ட அனுபவம் எனக்கு உண்டு. சக்கரம் உணவில் படும் என்பதால், ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து வைக்காவிட்டால் பல்லிடுக்கில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆரம்பித்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தாண்டிச் சுற்றினால் மெல்லிய தகரச் சீவல் விழ வாய்ப்பு உண்டு.

பக்கவாட்டில் வெட்டும் வகை எனக்கு அதைவிடப் பிடிக்கும். மூடியும் உடம்பும் சேர்ந்து மடிந்திருக்கும் தடித்த விளிம்பை அது வெளிப்புறத்திலிருந்து வெட்டும். மூடி விளிம்போடு சேர்ந்து தொப்பி மாதிரி கழன்று வரும். கூர்முனை குறைவு, மூடி உணவில் விழாது, சக்கரமும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். மூடி டின் வாயைவிட அகலம் என்பதால் அழுத்தி நீர் வடிக்க முடியாது, தனியாக ஒரு வடிகட்டி வேண்டும். விளிம்பு நசுங்கிய டின்னில் தடுமாறும். முதல் தடவை பயன்படுத்தும்போது, வெட்டியதே தெரியாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றத் தோன்றும். கைக்குச் சட்டென்று இலகுவாவதுதான் அடையாளம், அங்கே நிறுத்திவிடலாம்.

சதுர டின்னின் மூலைகளில் இரண்டுமே சிரமப்படும். அதற்குக் குத்தி நெம்புகிற பழைய கொக்கி வகை நல்லது. ஆனால் மணிக்கட்டு பலமாக இருக்க வேண்டும், வெட்டும் கரடுமுரடாகத்தான் வரும். மின்சார ஓப்பனரில் கைக்கு வேலையே இல்லை, ஒரு கையை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு அது பெரிய உதவி. மற்றவர்களுக்கு அவசியம் இல்லை என்பது என் எண்ணம். இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: திருகு ஓப்பனர்களில் பெரும்பாலானவை வலது கைக்காகச் செய்யப்பட்டவை. இடது கைக்கென்றே உள்ளதைத் தேடி வாங்குங்கள்.

அப்புறம் ஜாடி. இங்கேதான் பலரும் தவறான கருவியை வாங்குகிறார்கள். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூடியின் பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. உள்ளே பாதி வெற்றிடம் இருந்தாலே 19 கிலோவை மூடிமேல் ஏற்றி வைத்த மாதிரி. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வை எதிர்த்துத்தான் நாம் திருகுகிறோம்.

ரப்பர் விரிப்பு பிடிமானத்தைக் கூட்டும், பலத்தைக் கூட்டாது. பட்டை போட்டுச் சுழற்றும் வகையில் 15 சென்டிமீட்டர் கைப்பிடி இருந்தால் திருப்பு விசை நான்கு மடங்குக்கு மேல் கூடும். ஆனால் அதே அளவுக்கு ஜாடி சுழலாமல் இன்னொரு கை பிடித்தாக வேண்டும். அம்மாவிடம் அது தோற்றது இதனால்தான்: மூடி நின்றது, ஜாடி சுற்றியது. அலமாரியின் அடியில் திருகிப் பொருத்தும் வி வடிவப் பல்பட்டை இந்தச் சிக்கலைத் தீர்க்கும். மூடியை அதில் செருகிவிட்டு இரண்டு கைகளாலும் ஜாடியையே திருப்பலாம்.

எல்லாவற்றையும்விட எளிதானது விளிம்பை நெம்பும் சாவி. மூடியின் ஓரத்தில் மாட்டி மெதுவாகத் தூக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம், காற்று உள்ளே போய்விடும். அதன் பிறகு இரண்டு விரலால் திருகலாம். பலமாக நெம்பினால் விளிம்பு வளைந்து மறுபடி சரியாக மூடாது, அதனால் சத்தம் வந்த கணமே விட்டுவிட வேண்டும். சாவி இல்லையென்று கத்தியைச் செருகாதீர்கள். கத்தி வழுக்கலாம், கண்ணாடி விளிம்பும் சில்லு பெயரும். மூடியின் நடுப்பகுதி திறப்பதற்கு முன்பே மேலே எழும்பியிருந்தால் அந்த ஜாடியைச் சாப்பிடாமல் போட்டுவிட வேண்டும். உப்பிய டின்னுக்கும் இதே விதிதான்.

ஒருமுறை திறந்து மூடிய ஜாம் ஜாடி மறுபடி இறுகினால் இந்தச் சாவி பயன்படாது. அங்கே பெரும்பாலும் வெற்றிடம் காரணமில்லை. மரையில் காய்ந்த சர்க்கரைதான் பசை மாதிரி பிடித்திருக்கும். மூடியை மட்டும் வெந்நீரில் கொஞ்ச நேரம் காட்டுங்கள். சர்க்கரை இளகும், உலோகமும் கண்ணாடியைவிடச் சற்று அதிகம் விரியும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு இதைச் செய்யாதீர்கள், கண்ணாடி விரிசல் விடலாம். பிறகும் வராவிட்டால், பட்டை வகைக்கு இதுதான் இடம்.

அம்மாவின் அடுக்களை இழுப்பறையில் இப்போது பக்கவாட்டு ஓப்பனர் ஒன்றும் நெம்பும் சாவி ஒன்றும் இருக்கின்றன. வளையம் வைத்த டின் வந்தால், கரண்டிக் காம்பை வளையத்துக்குள் விட்டு நெம்புகிறார்.