ஓரம் அடிக்காத கால்சட்டை: மூன்று ஆண்டுகள் காட்டில் உடுத்திப் பார்த்தபின்

ஃபியெல்ரேவன் என்ற சுவீடன் நிறுவனத்தின் விட்டா ப்ரோ கால்சட்டையை முதன்முதலாக வாங்கி வந்து வீட்டில் போட்டுப் பார்த்தபோது, இரு கால்களும் ஒரு சாண் நீளத்துக்குத் தரையில் புரண்டன. அளவில் பிழை இல்லை. கீழ் ஓரத்தை மடித்துத் தைக்காமல், வாங்குபவரே தம் உயரத்துக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளட்டும் என்று நீளமாக விடப்பட்ட வகை அது. காணொளி அழைப்பில் அதைப் பார்த்த அம்மா, "இவ்வளவு காசு வாங்கிட்டு ஓரம்கூட அடிக்காமலா குடுத்தான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தக் கால்சட்டையையும், அதே துணியில் தைத்த கிரீன்லாண்ட் மேற்சட்டையையும், ஒரு மோரா கத்தியையும் மூன்று ஆண்டுகளாகக் காட்டில் பயன்படுத்திவிட்டு எழுதும் இந்த மதிப்புரையில் அம்மாவுக்கான பதிலும் அடங்கியிருக்கிறது: இவை மூன்றுமே கடையில் பாதி முடிந்த நிலையில்தான் கிடைக்கின்றன, மீதிப் பாதியை நாம் செய்தால்தான் இவற்றை நம்பிக் காட்டுக்குள் போகலாம்.

நான் குடியிருப்பது சுவீடனின் வடகிழக்குக் கடலோரத்தில். பிறருக்குச் சொந்தமான காட்டிலும் யாரும் நடக்கலாம், ஓரிரவு தங்கலாம், காளானும் காட்டுப் பழங்களும் பறிக்கலாம் என்ற பொது உரிமை இந்நாட்டில் உண்டு. 1994 முதல் அது அரசியலமைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. அதனால் புஷ்கிராஃப்ட் எனப்படும் காட்டுவாழ் கைத்திறன் இங்கே பலருக்கு வார இறுதிப் பழக்கமாகவே ஆகியிருக்கிறது. கூடாரத்துக்குப் பதிலாக ஒரு தார்ப்பாயைக் கட்டி, விழுந்து காய்ந்து கிடக்கும் மரத்தைப் பிளந்து தீ மூட்டி, தேவையான சிறு பொருள்களைக் கத்தியால் செதுக்கிக்கொண்டு இரண்டு மூன்று நாள் தங்கிவிட்டு வருவதே அதன் சாரம். மலையேறுபவர் தம் உடையின் எடையைக் கிராம் கணக்கில் பார்ப்பார்; தீயருகே மண்டியிட்டு ஊதி, சுள்ளிகளுக்குள் நுழைந்து விறகை இழுத்து வருபவர், எடை சற்றுக் கூடினாலும் துணி கிழியாமலும் உருகாமலும் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

துணியின் பெயர் ஜி-1000. 65 விழுக்காடு பாலியெஸ்டரும் 35 விழுக்காடு பருத்தியும் கலந்து மிக நெருக்கமாக நெய்தது. 1960இல் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற நகரில் இந்நிறுவனத்தைத் தொடங்கிய ஓக்கே நோர்டின், கூடாரத்துக்கென்று எடுத்துப் பார்த்து, கனமாக இருக்கிறதென்று ஒதுக்கி வைத்திருந்த துணி அது. 1966இல் கிரீன்லாந்துக்குச் சென்று வந்த சுவீடன் பயணக் குழுவின் அனுபவத்தைக் கேட்டபின், அதையே எடுத்துப் பாரஃபினும் தேன்மெழுகும் கலந்து தேய்த்து மேற்சட்டை தைத்தார். 1968இல் அது விற்பனைக்கு வந்தது. கூடாரத்துக்குக் குறையாகத் தெரிந்த கனமே உடைக்கு வலுவாகிவிட்டது. இந்த வரலாற்றை நிறுவனமே எல்லா இடங்களிலும் விளம்பரமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் எனக்கு அது சற்றுச் சலித்துவிட்டது என்றாலும், மெழுகு என்பது பிற்சேர்க்கையாக வந்த அலங்காரம் அன்று, தொடக்கத்திலிருந்தே துணியின் பாதி அதுதான் என்பதைப் புரிந்துகொள்ள அது உதவுகிறது.

மெழுகு சோப்புக்கட்டி போலக் கையடக்கமாகத் தனியே விற்கப்படுகிறது. துணியைத் துவைத்து, முழுவதும் காயவிட்டு, மேசைமேல் சுருக்கமின்றி விரித்து, கட்டியின் விளிம்பால் ஒரே திசையில் அழுத்தித் தேய்த்தால் சுண்ணாம்புக் கோடுகள்போல வெள்ளை வெள்ளையாகப் பதியும். பிறகு நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை மெல்ல ஓட்ட வேண்டும். பெட்டி போகும் தடத்தில் வெள்ளை மறைந்து, துணி ஒரு மாற்று கறுத்து, அறை முழுவதும் தேன்கூட்டு வாசனை எழும். வீட்டில் சட்டைக்குப் பயன்படுத்தும் பெட்டியை இதற்கு எடுக்காதீர்கள். ஒரு பழைய பெட்டியை ஒதுக்கிவையுங்கள், இல்லையேல் நடுவில் அடுமனைத் தாளையாவது விரித்துக்கொள்ளுங்கள். ஆறியபின் துணியில் நான்கு துளி நீரைத் தெளித்துப் பார்த்தால், சேப்பங்கிழங்கு இலைமேல் விழுந்த நீர்போல அவை உருண்டு ஓட வேண்டும். ஒரு துளியாவது பரவி ஊறினால் அந்த இடத்தில் இன்னொரு பூச்சு தேவை.

எங்கே பூசுவது, எங்கே விடுவது என்பதில்தான் ஒவ்வொருவரின் அனுபவமும் வேறுபடுகிறது. முதல் ஆண்டில், அதிகம் பூசினால் அதிகம் காக்கும் என்ற பேராசையில் கால்சட்டை முழுவதற்கும் மூன்று பூச்சு கொடுத்துவிட்டேன். குளிர்ந்த காலையில் அது தகரம்போல விறைத்து நின்றது. ஏற்றத்தில் நடந்தபோது காற்றுப் போக்கு அடைபட்டு, வெளியே மழை இல்லாத நாளில் உள்ளே வியர்வையில் நனைந்தேன். தவறு முற்றிலும் என்னுடையது. இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவில் துணியை வைத்துச் சூடான பெட்டியை ஓட்டி, தாளில் ஊறிய மெழுகோடு அந்தத் தாள்களைக் கழித்து, அரைநாள் செலவிட்டுச் சரிசெய்தேன். (அந்தத் தாள்கள் பிறகு தீ மூட்ட நன்றாக உதவின.) இப்போது முழங்காலுக்கும் உட்காரும் இடத்துக்கும் இரண்டு பூச்சு, தொடையின் முன்புறத்துக்கும் மேற்சட்டையின் தோள்களுக்கும் ஒரு பூச்சு, முழங்காலின் பின்புறத்துக்கும் அக்குளுக்கும் எதுவும் இல்லை என்ற கணக்கை வைத்திருக்கிறேன். கோடையில் மெழுகே வேண்டாம். துணியின் நெருக்கமே கொசுக்கடியைப் பெருமளவு தடுக்கிறது, வடக்கின் ஜூலை மாதக் கொசுக்களை அறிந்தவர்களுக்கு இது சிறிய செய்தி அன்று.

மழை பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். மெழுகு பூசிய ஜி-1000 நீரை எதிர்க்கும் துணியே தவிர நீர்புகாத துணி அன்று. நிறுவனமும் அப்படிச் சொல்லி விற்பதில்லை. நம் ஊர் மழை ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு வெறித்துவிடும். இங்கே இலையுதிர் காலத்தில் சலித்த மாவுபோல நாள் முழுவதும் தூறும். அந்தத் தூறலில் இரண்டு மூன்று மணி நேரம் வரை இந்த உடை தாங்குகிறது. அதற்குமேல் தையல் கோடுகளிலும் தோளிலும் ஈரம் இறங்கத் தொடங்குகிறது, பருத்தி கலந்திருப்பதால் ஒருமுறை நனைந்தால் காயவும் நேரம் எடுக்கிறது. ஆகவே இதை வாங்குபவர் மழைக்கோட்டை வாங்காமல் விடலாம் என்று எண்ணக் கூடாது; மெல்லிய மழைக்கோட்டு ஒன்று பையின் மேல்பகுதியில் எப்போதும் இருக்க வேண்டும், ஆனால் அதைத் தீயருகே உடுத்தக் கூடாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. இங்குள்ள காடுகளில் பெரும்பாலும் கிடைப்பது ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் விறகு. எரியும்போது படபடவென்று வெடித்துப் பொறியைத் தெறிக்கும். வேறொரு நிறுவனத்தின் விலையுயர்ந்த நைலான் மேற்சட்டையை அணிந்து ஒரே ஓர் இரவு அந்தத் தீயின் முன் உட்கார்ந்திருந்தேன். காலையில் பார்த்தபோது வலது கையில் மட்டும் மிளகளவில் ஏழு ஓட்டைகள், ஒவ்வொன்றின் விளிம்பும் உருகிக் கெட்டியாகியிருந்தது. கிரீன்லாண்ட் மேற்சட்டையில் பொறி விழுந்தால் தட்டிவிட நேரம் கிடைக்கிறது. அதுவும் தீப்பிடிக்காத துணி அன்று, பாதிக்கு மேல் பாலியெஸ்டர்தான். சட்டையில் இரண்டு கறுத்த புள்ளிகளும் ஊசித் துளையளவில் ஓர் ஓட்டையும் உள்ளன. தீயருகே முழுப் பாதுகாப்பு வேண்டுவோர் கனத்த கம்பளிச் சட்டையையோ, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானிகளுக்காக நெய்யப்பட்ட வென்டைல் என்ற முழுப் பருத்தித் துணியையோ நாடுவதே சரி.

இனி ஓரம் அடிக்கும் வேலை. நின்ற நிலையில் அளவெடுத்து வெட்டிவிடாதீர்கள். காட்டுக்குப் போடும் அதே காலணியை மாட்டி, குந்தி உட்கார்ந்து, அப்போதும் துணியின் ஓரம் காலணியின் மேல்விளிம்பை மூடுகிறதா என்று பார்த்துத்தான் சுண்ணக்கட்டியால் கோடு போட வேண்டும். நான் உள்மடிப்பில் மூன்று விரற்கடை கூடுதல் துணியை விட்டேன், முதல் ஓரம் தேய்ந்தபோது அது கைகொடுத்தது. முழங்காலில் துணி இரட்டையாக இருப்பதால் அதற்கிடையே மெத்தைத் துண்டைச் செருகிக்கொள்ளலாம். தீ மூட்ட மண்டியிடும்போது கூழாங்கல் குத்தாமல் இருப்பதன் அருமை அப்போது தெரியும். கடையில் விற்கும் மெத்தைத் துண்டு நல்லதுதான், ஆனால் பழைய உறங்கு விரிப்பிலிருந்து வெட்டிய துண்டும் அதே வேலையைச் செய்கிறது, அதற்குக் காசு இல்லை. தொடைப் பைகள் பெரியவை, பெரியவை என்பதாலேயே எதையாவது திணிக்கத் தோன்றும். நிலப்படத்துக்கு மேல் எதையும் வைக்காமலிருப்பது நடைக்கு நல்லது.

உள்ளே அணிவது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: கம்பளி. ஓஸ்டர்சுண்ட் நகரில் 1970களின் தொடக்கத்தில் சுவீடன் இராணுவத்துடன் சேர்ந்து உருவாக்கிய உல்ஃப்ரொத்தே என்ற வளையப் பின்னல் கம்பளி உள்ளாடை ஒன்றை வைத்திருக்கிறேன். ஒவ்வோர் உடையையும் ஒரே ஆள் முழுமையாகத் தைத்து, தம் பெயரிட்ட துணிச்சீட்டை உள்ளே வைத்துத் தைக்கிறார். ஈரமானாலும் சூட்டைக் காக்கிறது, மூன்று நாள் துவைக்காமல் அணிந்தாலும் நாற்றம் குறைவு. வேறென்ன வேண்டும்?

மோரா கம்பேனியன் கத்தி இந்தக் கால்சட்டையின் விலையில் பத்தில் ஒரு பங்களவே; ஆயினும் மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். டாலர்னா மாகாணத்தில் மோரா நகரை ஒட்டிய ஓஸ்ட்நூர் சிற்றூரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் கத்தித் தொழிலின் வழி வந்தது. அலகு பத்துச் சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். அதன் சிறப்பு கூர்முனையிலன்று, அலகின் இருபுறமும் வாய்வரை ஒரே சரிவாகச் செல்லும் அகன்ற பட்டையில் இருக்கிறது. அந்தப் பட்டையைத் தீட்டுக்கல்லின்மேல் தட்டையாகப் படுக்கவைத்தால் கோணம் தானாகவே அமைந்துவிடும்; பழகாத கையும் பத்து நிமிடத்தில் மயிர் மழிக்கும் கூர்மைக்குக் கொண்டுவரலாம்.

குறை என்று நான் கருதியது, கத்தியின் முதுகு மழுங்கலாக இருப்பது. தீ மூட்டப் பயன்படும் தீப்பொறிக் கம்பியை அதனால் உரசினால் வழுக்கிக்கொண்டு போகும். வாய்ப்பகுதியைத் தடித்த ஒட்டுநாடாவால் சுற்றி, அலகைப் பட்டறைப் பிடியில் இறுக்கி, மெல்லிய அரத்தால் முதுகைச் செங்கோணமாக ராவிக்கொண்டேன். முழு முதுகையும் ராவவில்லை; கைப்பிடியை ஒட்டிய பாதியை மழுங்கலாகவே விட்டேன், ஏனென்றால் செதுக்கும்போது கட்டைவிரல் அழுத்துவது அங்கேதான். முன்பாதி இப்போது பிர்ச் மரப்பட்டையைப் பஞ்சுபோலச் சுரண்டித் தருகிறது, கம்பியிலிருந்து மழையிலும் பொறி கொட்டுகிறது. துருப்பிடிக்காத எஃகு, கரிம எஃகு என இரு வகை உண்டு. கரிம எஃகைத் தீட்டுவது எளிது, ஆனால் துடைக்காமல் உறையில் போட்டால் மறுநாளே துரு பூக்கும். கடலோரக் காட்டுக்கு நான் துருப்பிடிக்காததையே எடுத்துச் செல்கிறேன். உள்ளிருக்கும் எஃகு கைப்பிடியின் கடைசிவரை செல்வதில்லை என்பதால், கத்தியை விறகின்மேல் வைத்துத் தடியால் அடித்துப் பிளக்கும் வேலையை மெல்லிய சிராய்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குமேல் கோடரி இருக்கிறது.

ஒரு முன்னெச்சரிக்கை. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தகுந்த தேவை இருந்தாலொழிய 1988ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே தடை செய்கிறது. காட்டில் அது கருவி. திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் காப்பி குடிக்க இறங்கும்போது இடுப்பில் தொங்கினால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். காட்டை விட்டு வெளியேறும் இடத்திலேயே பையின் அடியில் வைத்துவிடுங்கள்.

யார் வாங்கலாம்? ஆண்டுக்கு ஒருமுறை, வெயில் நாளில், வழித்தடத்தில் மட்டும் நடப்பவருக்கு இந்த விலையும் கனமும் வீண். மெழுகு பூசவும் அரம் பிடிக்கவும் பொறுமை இல்லாதவரும் வேண்டாம். பூசாத துணி அவருக்கு வெறும் தடித்த கால்சட்டைதான். மாதம் ஒரு முறையாவது தீயருகே மண்டியிடுபவர் தயங்காமல் வாங்கலாம், கால்சட்டையைப் புதிதாகவும் மேற்சட்டையைப் பழையதாகவும். கால்சட்டையின் முழங்காலும் இருக்கையும் முதலில் தேய்வதால் பழையதில் ஆயுள் குறைவு; மேற்சட்டை அப்படித் தேய்வதில்லை, சுவீடனின் பழைய துணிக் கடைகளில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. என் மேற்சட்டை அப்படி வந்ததுதான். வாங்கும்போது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முழங்கைப் பகுதியைப் பாருங்கள், பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். பழைய மெழுகு திட்டுத்திட்டாக இருந்தால் அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்; செய்தித்தாளும் பெட்டியும் இருந்தால் அது அரைநாள் வேலை.