ஒரே அலகு, இரண்டு ராணுவம்: மறுவழங்கல் முத்திரை உள்ள பயனெட்டுகளில் எந்த வரிசையைச் சேர்ப்பது?

பழைய பயனெட் (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) சேர்ப்பவர்களில் பெரும்பாலானோர் தயாரித்த நாட்டை வைத்தே அடுக்குவார்கள். ஜெர்மன் ஒரு தட்டு, பிரிட்டிஷ் ஒரு தட்டு, பிரெஞ்சு ஒரு தட்டு. கைமாறிய பயனெட்டுக்கு இந்த முறை சரிவராது. ஜெர்மனியில் அடித்து, துருக்கியை முன்பு ஆண்ட ஆட்டோமன் பேரரசின் படைக்குப் போய், பிறகு துருக்கிக் குடியரசின் ஆயுதச்சாலையில் பாதியாக வெட்டப்பட்ட ஒரு கத்தியை ஜெர்மன் தட்டில் வைத்தால், அதன் மேல் அடுத்தடுத்து விழுந்த முத்திரைகளெல்லாம் வெறும் கீறலாகத்தான் தெரியும். ஒரு படை பழுது பார்த்தோ, வேறு நாட்டுப் படை எடுத்துக்கொண்டோ மறுபடி வழங்கும்போது அடிப்பதுதான் மறுவழங்கல் முத்திரை. அந்த முத்திரைகளுக்காகவே சேர்ப்பவர் எந்த வரிசையில் இறங்கலாம் என்று இங்கே பார்க்கிறோம்.

போட்டியில் மூன்று வரிசைகள்: பிரிட்டிஷ்-அமெரிக்க 17 அங்குல அலகுகள் (அலகு என்றால் கத்தியின் இரும்புத் தகடு), ஆஸ்திரிய மன்லிகர் எம்95 துப்பாக்கியின் பயனெட்டுகள், துருக்கியின் மாற்று வேலைகள். புதிதாகத் தொடங்குபவருக்கு முதலாவது. இடமும் பணமும் குறைவாக உள்ளவருக்கு இரண்டாவது. முத்திரை படிப்பதில்தான் ருசி என்பவருக்கு மூன்றாவது. எங்கள் ஓட்டும் மூன்றாவதுக்கே, ஆனால் அதில் நேராகக் குதிக்க வேண்டாம்.

பிரிட்டிஷ்-அமெரிக்க வரிசை

1907 மாதிரி பயனெட்டின் பெரிய வசதி, தன் பிறப்புச் சான்றிதழைத் தானே சுமப்பது. அலகின் அடியில் ஒரு பக்கம் கிரீடம், அரசரின் எழுத்து, 1907 என்ற எண், அதன் கீழே மாதமும் ஆண்டும், பிறகு தயாரிப்பாளர் பெயர். இங்கேதான் புதியவர்கள் முதலில் தடுக்கி விழுகிறார்கள். 1907 என்பது மாதிரியின் ஆண்டு, தயாரித்த ஆண்டு அல்ல. 1907, அதன் கீழே 3 '17, அதன் கீழே சாண்டர்சன் என்று இருந்தால் அது 1917 மார்ச்சில் செய்தது. விற்பனை விளம்பரங்களில் '1907இல் செய்த அபூர்வப் பயனெட்' என்று வருபவற்றில் பல இந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

மறுபக்கம்தான் நமக்கு முக்கியம். அரசாங்கச் சொத்து என்பதற்கான அகன்ற அம்பு, அலகை வளைத்துச் சோதித்ததற்கான பெருக்கல் குறி, ஆய்வாளரின் கிரீட முத்திரைகள், அவற்றோடு மறுவழங்கல் ஆண்டுகள் இரண்டிலக்கத்தில். '18, '24 என்று இரண்டு மூன்று வரிசையாக இருந்தால், அத்தனை முறை பழுது பார்த்துத் திரும்ப வழங்கியிருக்கிறார்கள். நாடு மாறினால் சொத்துக் குறியும் மாறும். 'சி' எழுத்துக்குள் அம்பு என்றால் கனடா. 'யு' எழுத்துக்குள் அம்பு என்றால் தென்னாப்பிரிக்கா. இரண்டு 'டி'க்களுக்கு நடுவில் அம்பு என்றால் ஆஸ்திரேலியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் அது நாட்டுக் குறி அல்ல. ராணுவச் சொத்திலிருந்து கழித்து விற்றுவிட்டார்கள் என்று பொருள். ஆஸ்திரேலிய மறுவேலையில் மரப்பிடியையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டென்னிஸ் மட்டைக்குப் பேர்போன ஸ்லேசெஞ்சர் செய்த பிடிகளில் 'ஸ்லாஸ்' என்ற முத்திரையும் ஆண்டும் இருக்கும். 1917 அலகில் 1940களின் பிடி இருந்தால் அது ஒட்டுவேலை என்று ஒதுக்கக் கூடாது. மறுவழங்கலின் சாட்சியே அதுதான்.

இந்தியத் தொடர்பும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. வங்காளத்தின் இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 1907 மாதிரியைச் செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது பழைய 17 அங்குல அலகுகளை 12 அங்குலமாக வெட்டி மறுபடி வழங்கியது. அதனால் இங்கிலாந்துத் தயாரிப்பாளர் பெயரோடு 12 அங்குல அலகு வந்தால், யாரோ பட்டறையில் வெட்டிய கழிவு என்று உடனே தள்ளிவிட வேண்டாம். அலகின் நீளப் பள்ளம் முனைக்கு வெகு அருகே வரை ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். நீள அலகை வெட்டியதற்கு அது அடையாளம். ஆனால் பட்டறையில் வெட்டினாலும் பள்ளம் அப்படித்தான் ஓடும். எனவே இந்திய முத்திரை கண்ணில் படாதவரை பதிவேட்டில் 'சுருக்கப்பட்டது, இடம் தெரியவில்லை' என்று மட்டும் எழுதுங்கள்.

இதன் தம்பி 1913 மாதிரி. அமெரிக்காவில் ரெமிங்டனும் வின்செஸ்டரும் பிரிட்டனுக்காகச் செய்தது. பார்வைக்கு 1907 போலவே இருக்கும், ஆனால் ஒன்றின் துப்பாக்கியில் மற்றது பொருந்தாது. அதனால்தான் மரப்பிடியின் குறுக்கே இரண்டு ஆழமான கோடுகளை வெட்டினார்கள்; இருட்டிலும் விரல் அடையாளம் காணும். 1917 ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியதும், பிரிட்டனுக்கு அனுப்பாமல் மிஞ்சியிருந்தவற்றை அமெரிக்க ராணுவமே எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட ஒன்றை உருப்பெருக்கியில் பாருங்கள்: 1913 என்ற எண்ணும் பிரிட்டிஷ் முத்திரைகளும் இருக்கும், அம்பின் மேல் பெருக்கல் குறி அடித்து ரத்து செய்திருப்பார்கள், பக்கத்திலோ மறுபக்கத்திலோ 'யு.எஸ்.' எழுத்தும் அமெரிக்க ராணுவ ஆயுதத் துறையின் தீப்பிழம்புக் குண்டு முத்திரையும் இருக்கும். ரத்துக் குறி அம்பின் கோட்டை வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாலே எது முன், எது பின் என்று விளங்கிவிடும். மறுவழங்கல் முத்திரைகளைப் படிக்கக் கற்க இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

குறைகளும் உண்டு. உறையோடு சேர்த்தால் ஒவ்வொன்றும் அரை மீட்டரைத் தாண்டும். போலிகளும் அதிகம். 1907 மாதிரியின் பிடிக்கும் அலகுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த ஆரம்பகால வளைகொக்கி 1913இல் கைவிடப்பட்டது, அதற்குப் பிறகு பழையவற்றிலிருந்தும் வெட்டி எடுத்தார்கள். கொக்கியோடு இருந்தால் விலை பல மடங்கு என்பதால், சாதாரணப் பயனெட்டில் கொக்கியைப் பற்றவைத்து விற்கிறார்கள். இங்கிலாந்துத் தயாரிப்பில் 1916 தேதியோடு கொக்கி இருந்தால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

மன்லிகர் எம்95

அலகு சுமார் 25 செ.மீ. ஓர் இழுப்பறையில் பத்துப் பன்னிரண்டு அடங்கும். துப்பாக்கியில் மாட்டினால் வெட்டு விளிம்பு மேல்நோக்கி நிற்கும். தெரியாதவர்கள் தவறாகப் பூட்டிய அலகு என்று நினைப்பார்கள். தயாரித்தவை முக்கியமாக ஆஸ்திரியாவின் ஸ்டெயர், புடாபெஸ்ட்டின் ஆயுதத் தொழிற்சாலை என்ற இரண்டு இடங்கள். குட்டைத் துப்பாக்கிக்கான வகையில், துப்பாக்கிக் குழலில் மாட்டும் வளையத்தின் மேலேயே ஒரு சிறிய குறிமுனை இருக்கும். பயனெட் மாட்டினால் குண்டு போகும் இடம் மாறிவிடும் என்பதால் அந்த ஏற்பாடு.

1918இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்ததும் இவை அண்டை நாடுகளுக்கெல்லாம் சிதறின. பல்கேரியா பேரரசுக் காலத்திலேயே இவற்றை வாங்கியது. அங்கே நிற்கும் சிங்க முத்திரை. யூகோஸ்லாவியாவில் கிராகுயேவாட்ஸ் ஆயுதச்சாலையின் சிரிலிக் மூன்றெழுத்து. லத்தீன் எழுத்து பழகிய கண்ணுக்கு அது 'பி-டி-மூன்று' என்று தெரியும், விற்பனைப் பட்டியல்களிலும் அப்படியேதான் வரும். தேடும்போது தப்பான அந்த வடிவத்தையும் சேர்த்துத் தேடினால் நல்லது கிடைக்கும். அந்த நாட்டு மாற்று வேலையில் குழல் வளையத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜெர்மன் மவுசர் வகைத் துப்பாக்கியின் குழலுக்குப் பொருந்த, உள்ளே மெல்லிய புஷ் (உள்வளையம்) ஒன்றை இறக்கி விட்டத்தைக் குறைத்திருப்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வளையத்துக்குள் முடி போன்ற ஒரு வட்டக் கோடு தெரியும்.

இந்த வரிசையின் பிரச்சினை சலிப்பு. பத்து எம்95ஐ வரிசையாக வைத்தால் பத்தும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசமெல்லாம் இரண்டு மில்லிமீட்டர் முத்திரைகளில். அவையும் ஆழமில்லாதவை. முன்பு யாராவது எமரித்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் சிங்கம் போயே போய்விடும்.

துருக்கியின் மாற்று வேலைகள்

துருக்கி கையில் கிடைத்த எதையும் வீணாக்கவில்லை. ஜெர்மனியில் வாங்கிய 1890, 1903 மவுசர் பயனெட்டுகள், முதல் உலகப் போரில் ஜெர்மனி கொடுத்த முழு உலோகப்பிடி எர்சாட்ஸ் (போர்க்கால மாற்று) வகைகள், கைப்பற்றிய பிரிட்டிஷ் 1907கள் எல்லாவற்றையும் பின்னாளில் ஒரே மவுசர் துப்பாக்கிக்குப் பொருந்தும்படி வெட்டி, வளையம் மாற்றி, எண் போட்டது. நீள அலகுகளைச் சுமார் 25 செ.மீ. அளவுக்குச் சுருக்கினார்கள். உறையையும் நடுவில் அறுத்துச் சுருக்கிப் பற்றவைத்தார்கள். உறையின் இணைப்பு சற்றுக் கரடுமுரடாக இருப்பது இங்கே நல்ல அறிகுறி.

காலம் கணிக்க இந்த வரிசையில் ஓர் அருமையான கோடு இருக்கிறது. 1928இல் துருக்கி லத்தீன் எழுத்துக்கு மாறியது. பிறை, பழைய அரபு எழுத்து, கீழை அரபு எண்கள் இருந்தால் அதற்கு முன் அடித்தவை. 'ஏ.எஸ்.எஃப்.ஏ.' என்ற ராணுவத் தொழிற்சாலைச் சுருக்கமும் நாம் எழுதும் எண்களும் இருந்தால் அதற்குப் பின். ஒரே குறுக்குக்காப்பில் (பிடிக்கும் அலகுக்கும் நடுவில் உள்ள குறுக்குக் கட்டை) இரண்டும் இருந்தால் அந்தப் பயனெட் இரு ஆட்சிகளைக் கண்டது.

பழைய எண்களைப் படிக்கும்போது கவனம் தேவை. சிறு வட்டம் பூச்சியம் அல்ல, அது 5. பூச்சியம் என்பது வெறும் புள்ளி. அந்தப் புள்ளி துருக்குள் மூழ்கிவிட்டால் நான்கிலக்க எண் மூன்றிலக்கமாகிவிடும். உறையில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டால் 'பொருந்தவில்லை' என்று தப்பாக எழுதிவிடுவோம். இலக்கங்களுக்கு இடையிலான இடைவெளியை அளந்தால் விழுங்கப்பட்ட புள்ளி எங்கே என்று பிடிபடும். ஆட்டோமன் அரசு புழங்கிய ரூமி நாள்காட்டி ஆண்டு என்றால் 584 கூட்டுங்கள்: 1321 என்பது 1905 வாக்கில்.

கெட்ட பக்கம், நிலைமை. நெடுங்காலம் புழங்கியவை. பிடி விரிசல், குழியரிப்பு (துரு தின்ற குழிகள்), மூன்று வெவ்வேறு எண்கள் எல்லாம் சகஜம். அழகாகப் பளபளக்க வேண்டும் என்பவருக்கு இது சரிப்படாது. அழகுதான் வேண்டுமென்றால் பிரான்ஸின் 1866 ஷாஸ்போ துப்பாக்கியின் பயனெட் இருக்கிறது: வளைந்த நீள அலகு, பித்தளைப் பிடி, அலகின் முதுகில் சாய்ந்த கையெழுத்தில் ஆயுதச்சாலையும் மாதமும் ஆண்டும். 1870-71 போரில் ஜெர்மானியர் கைப்பற்றியவற்றில் பிரெஞ்சு எண்ணை அடித்துவிட்டுத் தங்கள் படைப்பிரிவுக் குறியைப் போட்டிருப்பார்கள். ஆனால் பித்தளையைப் பாலிஷ் போட்டுப் போட்டே பல வீடுகளில் அந்தக் குறிகளைத் தேய்த்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே ஷாஸ்போ போட்டிக்கு வரவில்லை.

முத்திரை உண்மையா என்று பார்ப்பது

மூன்று வரிசைக்கும் பொதுவான சோதனை குழியரிப்புதான். உண்மையான பழைய முத்திரையின் மேல் துருக்குழி விழுந்திருக்கும். எழுத்தின் கோடு குழியில் உடைந்து, மறுபுறம் தொடரும். பின்னாளில் அடித்த போலி என்றால் கோடு குழிக்குள்ளேயே இறங்கி ஓடும், குழியின் விளிம்பு நசுங்கியிருக்கும். அடியில் உள்ள உலோகத்தின் நிறத்தையும் பாருங்கள். சுற்றிலும் கருத்திருக்க, எழுத்தின் அடி மட்டும் வெளிறியிருந்தால் அது சந்தேகத்துக்குரியது. அடித்த இடத்தைச் சுற்றி எழும் மெல்லிய மேட்டை விரல்நகத்தால் தடவுங்கள். பல ஆண்டு உறைக்குள் போய்வந்த அலகில் அந்த மேடு தேய்ந்திருக்கும்.

பதிவேடு: எதை வைத்து அடுக்குவது?

தயாரித்த நாடு, கடைசியாக வைத்திருந்த நாடு, வாங்கிய வரிசை எண் என்று மூன்று முறைகள் உண்டு. கடைசி நாட்டை வைத்து அடுக்குவது கவர்ச்சியானது, ஆனால் புதிதாக ஒரு முத்திரை கண்ணில் பட்டால் மொத்த அடுக்கும் மாறும். வாங்கிய வரிசை எண்ணை நிரந்தர எண்ணாக வைத்து, மற்ற இரண்டையும் கணினி அட்டவணையில் தனித்தனி நெடுவரிசையாக்குவதே நிலைக்கும். எண்ணை உலோகத்தில் எழுத வேண்டாம். பருத்தி நாடாவில் அட்டை கட்டினால் போதும்.

ஒவ்வொன்றுக்கும் மொத்த நீளம், அலகு நீளம், அடியில் அகலம், வளையத்தின் உள்விட்டம், உறை நீளம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். உள்விட்டத்தை வெர்னியரில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையில் எடுங்கள். தேய்ந்த வளையம் நீள்வட்டமாகியிருக்கும், ஒரே அளவை நம்பினால் புஷ் போட்டதைக்கூடத் தவறவிடலாம். முத்திரைகளை இடம் வாரியாக எழுதுங்கள்: அலகின் இடப்பக்கம், வலப்பக்கம், முதுகு, குறுக்குக்காப்பு, பிடியின் குமிழ், மரம், உறை. வளையம் மேலே, முனை உங்களுக்கு எதிர்ப்புறம் என்று பிடித்து இடப்பக்கம் வலப்பக்கம் தீர்மானித்துக்கொண்டால் குழப்பமில்லை. தலைகீழாக இருக்கும் முத்திரையைத் தலைகீழ் என்றே எழுதுங்கள். படியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம்.

படம் எடுக்க நேர்விளக்கு உதவாது. ஒரே ஒரு விளக்கைப் பரப்போடு ஒட்டினாற்போல் மிகத் தாழ்வாகச் சாய்த்து, நான்கு திசையிலிருந்தும் எடுங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாத பிறை பக்கவாட்டு ஒளியில் எழுந்து வரும். அதற்கும் மசியாததற்கு டால்கம் பவுடரைத் தடவி மேலோட்டமாகத் துடையுங்கள். அமிலம் ஊற்றி எழுத்தை மீட்கும் வித்தை வேண்டாம். ஒருமுறை தெரியும், மறுபடி பார்க்கப் பரப்பே மிச்சமிருக்காது.

சுத்தம் செய்ய நான்கு பூச்சிய (0000) நம்பர் மெல்லிய ஸ்டீல் வுல்லும் மெல்லிய எண்ணெயும் போதும், அதுவும் செந்துரு உள்ள இடத்தில் மட்டும். கருத்த பழம்படிவை விட்டுவிடுங்கள். தோலுறைக்குள் அலகை வைத்துப் பூட்டாதீர்கள். பதனிட்ட தோலின் அமிலமும் அது உறிஞ்சும் ஈரமும் சேர்ந்து, சென்னை போன்ற கடலோர ஊரில் ஒரே மழைக்காலத்தில் அலகைக் கடித்துவிடும்.

இந்தியாவில் வசிப்பவருக்கு: ஆயுத விதிகள் 2016இன் பட்டியலில் பயனெட் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது, 9 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு என்பது அங்குள்ள அளவு. மேலே சொன்ன எல்லாமே அதைத் தாண்டும், எம்95 உட்பட. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க உரிமம் வேண்டும். வைத்திருக்க உரிமம் தேவையா என்பது உங்கள் பகுதிக்கு மத்திய அரசின் அறிவிக்கை உண்டா என்பதைப் பொறுத்தது. பணம் கட்டுவதற்கு முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அல்லது காவல் ஆணையரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படங்கள் ஐந்து: அலகின் அடி இரு பக்கமும், குறுக்குக்காப்பு மேலிருந்து, வளையத்தின் உட்புறம், உறையில் எண் இருக்கும் இடம். முழுநீளப் படத்தை அவரே அனுப்பிவிடுவார், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.