செங்கோட்டை வரலாறு: நூலகத்தில் தேடலாமா, ஊருக்குள் கேட்கலாமா?

இன்று தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டை ஊர், 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் (இன்றைய கேரளப் பக்கம்) இருந்தது. அந்தக் காலத்தை ஆய்வு செய்ய வரும் மாணவர் எங்கே தொடங்குவது?

நூலகத்தின் பலம் ஆண்டும் எண்ணும். திருவனந்தபுரத்தில் 1829-இல் தொடங்கிய பொது நூலகம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரசு அதிகாரி நாகமையா எழுதி 1906-இல் வந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவல் என்ற அரசு விவர நூலில் நிலவரி, விவசாயம், மக்கள்தொகை எல்லாம் உண்டு. ஆனால் அது அதிகாரியின் பார்வை. நாற்று நட்ட பெண்ணின் குரல் அதில் கேட்காது.

அந்தக் குரலுக்கு ஊருக்குள்தான் போக வேண்டும். எல்லை மாறியபோது பள்ளிப் பாடமும் சந்தையும் என்ன ஆயின என்று திண்ணையில் உட்கார்ந்து, "ஆச்சி, அப்போ எப்படி இருந்துச்சு?" என்று பொறுமையாகக் கேளுங்கள். ஆண்டை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். "ரயில் வந்த புதுசுல தாத்தா இங்க வந்தாராம்" என்பார்கள். சரி, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்; கொல்லம் ரயில் பாதை திறந்தது 1904 என்பதை நூலகம் சொல்லிவிடும்.

என்னைக் கேட்டால் முதலில் கொஞ்சம் படிப்பு, அப்புறம் களம், மறுபடி நூலகம். பழைய பத்திரங்கள் மலையாளத்திலும் இருக்கும். அந்த எழுத்தைப் படிக்கப் பழகுங்கள், இல்லையென்றால் கேரளத்துப் புனலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவரைக் கூட்டிப் போங்கள்.